பூட்டு யார் கையில்? கேசட் முதல் கைப்பேசி வரை

வீட்டுப் பரணில் பழைய பாட்டுக் கேசட் ஏதாவது கிடந்தால், அதை எடுத்து முதுகுப்புறத்தைப் பாருங்கள். நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் அது. அதன் இரு ஓரங்களிலும் சதுரமான சிறு பள்ளங்கள் இருக்கும். கடையில் விற்ற பாட்டுக் கேசட் என்றால் அந்தப் பள்ளங்கள் திறந்திருக்கும். காலிக் கேசட் என்றால் ஒவ்வொரு பள்ளத்தையும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு மூடியிருக்கும்.

அந்தத் துண்டுதான் கேசட்டின் பூட்டு. டேப் ரெக்கார்டருக்குள் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. துண்டு இருந்தால் அது நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்கும். பதிவுப் பொத்தான் அமுங்கும். துண்டை உடைத்துவிட்டால் நெம்புகோல் பள்ளத்துக்குள் இறங்கிவிடும்; பொத்தான் அமுங்காது. பாட்டி பாடிய தாலாட்டை ஒரு கேசட்டில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவறுதலாக அது அழிந்துவிடக் கூடாது என்றால் துண்டை உடைத்துவிட வேண்டியதுதான். பிறகு மனம் மாறினால்? பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும், பூட்டு திறந்துவிடும்.

இந்தப் பூட்டைப் போடுவதும் திறப்பதும் கேசட்டின் சொந்தக்காரர் கையில் இருந்தன. அதற்குப் பின் வந்த பூட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை எப்படி வந்தன, யாருக்காக வந்தன என்று பார்ப்போம்.

இரும்புத் துகளில் இசை

கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்தியது ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம். அதற்குள் ஓடும் பிளாஸ்டிக் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். பாடும்போது மைக்கில் எழும் மின்னோட்டம் ஒரு சிறிய மின்காந்தத்துக்குச் செல்கிறது. ஒலி ஏறி இறங்குவதற்கு ஏற்ப அதன் காந்தப் புலமும் ஏறி இறங்கும். அதை உரசியபடி ஓடும் நாடாவில் உள்ள துகள்கள் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. மறுபடி ஓட்டும்போது இதே செயல் தலைகீழாக நடக்கிறது. துகள்களின் காந்தத்தன்மை கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது ஒலிபெருக்கியில் பாட்டாகிறது.

நாடா ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு பக்கம் 30 நிமிடம் ஓட வேண்டுமானால் எவ்வளவு நாடா தேவை? 1,800 விநாடியை 4.76ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 86 மீட்டர் வரும். சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பெட்டியில் இத்தனை நீள நாடா சுருண்டிருக்கிறது!

இசைத்தட்டை வீட்டில் செய்ய முடியாது. அதை அழுத்தி எடுக்கப் பெரிய தொழிற்சாலை வேண்டும். கேசட்டோ அப்படியல்ல, கேட்கும் கருவியே பதிவு செய்யும் கருவியாகவும் இருந்தது. நான்கு டார்ச் பேட்டரி போட்டால் மின்சாரம் இல்லாத ஊரிலும் அது பாடும். எல்லா மாற்றங்களும் இதிலிருந்தே தொடங்கின.

பட்டியல் கொடு, பாட்டு வாங்கு

விழுப்புரம் ஒரு பெரிய ரயில் சந்திப்பு. செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளில் இங்கிருந்து பாதைகள் செல்கின்றன. அதற்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது திண்டிவனம். சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலையில் புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் வழி பிரியும் ஊர் அது. சுற்றிலும் உள்ள கிராமத்து மக்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வந்துபோகும் ஊர்கள் இவை.

இத்தகைய ஊர்களில் 1980களில் ஒரு புதிய தொழில் முளைத்தது. அதன் பெயர் ‘ரெக்கார்டிங் சென்டர்’. கடையில் இசைத்தட்டுகள் அடுக்கியிருக்கும். நீங்கள் ஒரு காலிக் கேசட்டையும், விருப்பமான பாடல்களை எழுதிய ஒரு துண்டுத் தாளையும் கொடுக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கேசட் தயாராக இருக்கும். ஒரு படத்தில் ஒரு பாட்டு, இன்னொரு படத்தில் இரண்டு, நடுவில் ஒரு பக்திப் பாடல் என்று கேட்பவர் சொன்ன வரிசைப்படியே பாட்டுகள் வரும்.

பிடித்த ஒரு பாட்டுக்காக இசைத்தட்டு முழுவதையும் வாங்கு என்றது கம்பெனி. எந்தப் பாட்டு, எந்த வரிசை என்பதை நீயே சொல் என்றது ரெக்கார்டிங் சென்டர். கேட்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு முதல் முறையாகக் கிடைத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. செஞ்சி வட்டாரம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கதை இரவு முழுவதும் கூத்தாக நடக்கும். இப்படிப்பட்ட கலையைப் பதிவு செய்து லாபம் பார்ப்பது பெரிய கம்பெனிக்குச் சுலபமல்ல. ஆனால் ஊரில் ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் இருந்தால் ஊராரே அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

கம்பெனிகள் ஏன் அஞ்சின?

இந்தியாவில் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் நடந்தன. அதன் பின் பல பத்தாண்டுகளுக்கு ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ என்ற நாய் முத்திரையுடன் கிராமபோன் கம்பெனியே இசைச் சந்தையை ஆண்டது. எந்தப் பாட்டு வெளிவரும், என்ன விலை என்பதை அதுவே முடிவு செய்தது. கேசட் வந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள் 1981இல் ஒரு பிரசாரம் தொடங்கின. வீட்டில் நாடாவில் பதிவு செய்வது இசையையே கொன்றுவிடும் என்பது அதன் முழக்கம். குறுக்கே வைத்த இரண்டு எலும்புகளுக்கு மேல் ஒரு கேசட்டை மண்டையோடு போல வரைந்து அதைச் சின்னமாக்கினார்கள்.

இந்த அச்சத்தில் ஒரு பாதி நியாயமானது. ஒரு பாட்டுக்குப் பின்னால் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், வாத்தியக்காரர்கள் என்று பலர் இருக்கிறார்கள். ரெக்கார்டிங் சென்டர் வாங்கிய கூலியில் இவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. போலிக் கேசட்டுகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்றவர்களோ பிறர் உழைப்பையே திருடினார்கள்.

மறுபாதி அப்படியல்ல. தான் வாங்கிய இசைத்தட்டைத் தன் கேசட்டில் பதிவு செய்து வயலுக்கு எடுத்துச் செல்லும் ஒருவரால் யாருக்கு என்ன நஷ்டம்? வானொலியில் வந்த பாடத்தைப் பதிவு செய்து மறுநாள் படிக்கும் மாணவி யாரிடமிருந்து எதைத் திருடினாள்? விற்பதற்காக எடுக்கும் நகலும் வீட்டுக்காக எடுக்கும் நகலும் ஒன்றல்ல. ஆனால் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. எனவே கருவியையே கட்டிப்போட முயன்றார்கள்.

நம் நாட்டில் இதற்கு வேறொரு விடையும் கிடைத்தது. டெல்லியில் குல்ஷன் குமார் தொடங்கிய டி-சீரிஸ் நிறுவனம் கேசட்டைக் குறைந்த விலைக்கு விற்றது. ஏற்கெனவே பதிவான பாட்டை உரிமைத்தொகை செலுத்தி வேறு குரலில் பதிவு செய்ய அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது. டி-சீரிஸ் அதையும் பயன்படுத்திக்கொண்டது. பழைய கம்பெனிகளும் விலையைக் கவனிக்க வேண்டியதாயிற்று. நல்ல கேசட் மலிவாகக் கிடைத்தால் மங்கலான நகலுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

நகலின் நகல்

மங்கலான நகல் என்றோம். ஏன் மங்குகிறது? இதற்குப் பதில் இயற்பியலில் இருக்கிறது.

நாடாவில் உள்ள துகள்கள் எண்ணற்றவை; எல்லாம் ஒரே அளவிலும் இல்லை. அதனால் பாட்டே இல்லாத இடத்திலும் ‘ஸ்’ என்று ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது பாட்டுடன் முதல் நாடாவின் இரைச்சலும் பதிவாகிறது. இரண்டாம் நாடா தன் இரைச்சலையும் சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் 1 பங்கு இரைச்சல் ஆற்றல் சேர்கிறது என்று கொள்வோம். மூல நாடாவில் 1 பங்கு, முதல் நகலில் 2, நகலின் நகலில் 3 என்று அது வளரும். ஐந்தாவது தலைமுறையில் 6 பங்கு ஆகிவிடும். ஆக, கேசட்டுக்கு இயற்கையே ஒரு பூட்டுப் போட்டிருந்தது. நகல் சங்கிலி நீள நீளப் பாட்டு தேய்ந்துவிடும்.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இந்த இயற்கைப் பூட்டை உடைத்துவிட்டது. அதில் ஒலி அலை இல்லை, எண்கள்தாம் இருக்கின்றன. ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கமுள்ள இரும எண்ணாக எழுதுகிறார்கள். ஒரு யானைப் படத்தைப் பார்த்து ஒருவர் வரைய, அதைப் பார்த்து அடுத்தவர் வரைய, பத்தாவது படத்தில் யானை பன்றியாகிவிடலாம். ஆனால் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைக் கவனமாகப் பார்த்து எழுதினால் பத்தாவது தாளிலும் அது அதே எண்தான். எண்ணின் நகலுக்குத் தேய்மானம் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். இடது, வலது என இரண்டு தடங்கள். 44,100 × 16 × 2 = 14,11,200. குறுந்தகட்டின் ஒவ்வொரு விநாடிக்கும் இத்தனை பிட்டுகள் வேண்டும். பின்னர் வந்த எம்பி3 முறையில், காதுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை நீக்கிவிட்டு 1,28,000 பிட்டுகளிலேயே எழுத முடிந்தது. அதாவது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. பாட்டு கம்பி வழியே பயணம் செய்யும் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

படமும் வீட்டுக்கு வந்தது

சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975இலும், அதன் போட்டியாளரான விஎச்எஸ் 1976இலும் வெளிவந்தன. தொலைக்காட்சியில் இரவு வரும் படத்தைப் பதிவு செய்து காலையில் பார்க்கலாம் என்றது சோனி. அமெரிக்காவின் யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் 1976இல் சோனியின் மீது வழக்குத் தொடுத்தன. திரைப்படத் துறையின் சார்பில் பேசிய ஜாக் வாலென்டி, 1982இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற ஒரு கொலைகாரனுடன் இக்கருவியை ஒப்பிட்டார்!

1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல. அக்கருவியை விற்பதும் குற்றமல்ல. ஐந்து நீதிபதிகள் இப்படிச் சொன்னார்கள். நான்கு பேர் எதிர்த்தார்கள். பிறகு நடந்தது என்ன? சில ஆண்டுகளிலேயே வீடியோ கேசட் விற்பனையும் வாடகையும் அந்தப் படக் கம்பெனிகளுக்குப் பெரும் வருமானம் தந்தன. எந்தக் கருவியைத் தடுக்கப் பார்த்தார்களோ அதுவே அவர்களுக்குச் சோறு போட்டது.

நம் ஊர்களில் ‘டெக்’ என்று அழைக்கப்பட்ட வீடியோ கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் வாடகைக்கு எடுத்துவந்து, விடிய விடியப் படம் பார்த்த கதையை உங்கள் அத்தை, மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பூட்டுகள் பலவிதம்

வழக்கில் வெல்ல முடியாதவர்கள் பொறியியலை நாடினார்கள். வீடியோ கேசட்டுக்கு வந்த மேக்ரோவிஷன் பூட்டு சுவையானது. நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றில் ஏறக்குறைய 575 கோடுகளே கண்ணுக்குத் தெரியும். தெரியாத கோடுகளில் மிகப் பிரகாசமான துடிப்புகளை ஒளித்துவைத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி அவற்றைப் பொருட்படுத்தாது. ஆனால் நகல் எடுக்கும் டெக்கில், குறிப்பலையின் வலிமையைத் தானாகச் சரிசெய்யும் சுற்று ஒன்று உண்டு. வலிமை மிகுந்துவிட்டது என்று அது ஏமாந்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். நகலில் படம் இருண்டும் வெளுத்தும் ஊசலாடும்.

டிவிடி தகட்டுக்கு வந்தது மண்டலப் பூட்டு. உலகைப் பல மண்டலங்களாகப் பிரித்தார்கள். இந்தியா 5ஆம் மண்டலம், சிங்கப்பூர் 3ஆம் மண்டலம். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த தகடு விழுப்புரத்தில் உள்ள கருவியில் ஓடாமல் போகலாம். தகடு திருட்டுத் தகடு அல்ல. காசு கொடுத்து வாங்கியது. இருந்தும் பூட்டு திறக்காது.

2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் குறுந்தகடுகள் சிலவற்றில் நகல் தடுப்பு மென்பொருளை வைத்தது. தகட்டைக் கணிப்பொறியில் போட்டால் அது யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒளிந்துகொண்டது. கணிப்பொறியின் பாதுகாப்பிலும் ஓட்டை விழுந்தது. எதிர்ப்பு எழவே அந்தத் தகடுகளை நிறுவனம் திரும்பப் பெற்றது.

எல்லா நாடுகளும் பூட்டை மட்டுமே நம்பவில்லை. ஜெர்மனி 1965இலேயே பதிவுக் கருவிகளின் விலையில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, அதைக் கலைஞர்களுக்குப் பகிர்ந்தளிக்க வழி செய்தது. வீட்டு நகலுக்கும் தடையில்லை. பாடியவருக்கும் ஏதோ கிடைக்கிறது. இந்தியாவில் இந்த முறை இல்லை.

நம் நாட்டுச் சட்டம்

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. 1984இல் அதைத் திருத்தி, பாட்டுக் கேசட்டிலும் வீடியோ கேசட்டிலும் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்றார்கள். போலி நகலுக்குத் தண்டனையையும் கூட்டினார்கள். தமிழ்நாட்டில் 2004இல், விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை காவலில் வைக்க இடம் தரும் குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வீடியோ தயாரிப்போரும் சேர்க்கப்பட்டனர்.

வீட்டு நகல் பற்றி? படிப்புக்காகவும் சொந்தப் பயன்பாட்டுக்காகவும் நியாயமான அளவில் நகல் எடுக்கலாம் என்ற விலக்கு சட்டத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் முதலியவை இருந்தனவே தவிர ஒலிப்பதிவும் திரைப்படமும் இல்லை. 2012இல் செய்த திருத்தம்தான், கணிப்பொறி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் அந்த விலக்கை விரித்தது. கேசட் காலம் முடிந்த பிறகே கேசட்டுக்கு விடுதலை கிடைத்தது!

அதே திருத்தம் மின்னணுப் பூட்டுகளையும் கவனித்தது. பிறர் உரிமையைப் பறிக்கும் எண்ணத்துடன் பூட்டை உடைப்பது குற்றம். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் அது குற்றமல்ல. பார்வையற்ற மாணவர்கள் படிப்பதற்காக ஒரு நூலை ஒலி வடிவிலோ பிரெயிலிலோ மாற்றிக்கொள்ளவும் இத்திருத்தம் வழி திறந்தது. இதே நோக்கத்துடன் உலக நாடுகள் 2013இல் மராகேஷ் நகரில் செய்த உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாவே.

மீண்டும் அதே சண்டை

நடிகர் கமல்ஹாசன் தன் ‘விஸ்வரூபம்’ படத்தை, அது 2013 ஜனவரியில் திரையரங்குக்கு வருவதற்கு முதல் நாளே, கட்டணம் செலுத்துவோர் வீட்டுத் தொலைக்காட்சியில் டிஷ் ஆண்டெனா வழியே காட்டப்போவதாக அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அத்திட்டம் நிறைவேறவில்லை. 2020இல் கொரோனா காலத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக இணையத்தில் வெளியானபோதும் எதிர்ப்பு எழுந்தது. இந்த முறை படம் மே 29 அன்று வீடுகளுக்கு வந்தேவிட்டது.

இங்கே நகலே இல்லை; திருட்டும் இல்லை. எங்கே, எப்போது பார்ப்பது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்வதா, அரங்கத்தார் முடிவு செய்வதா என்பதே கேள்வி. திரையரங்கை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்களின் கவலையும் உண்மையானதுதான். அதற்கும் விடை தேட வேண்டும். ஆனால் மக்களின் கையைக் கட்டுவது நிலையான விடை ஆகாது என்பதையே கேசட்டும் டெக்கும் காட்டின.

இன்று கைப்பேசிச் செயலியில் ஒரு பாட்டை ‘டவுன்லோடு’ செய்கிறீர்கள். அது உங்கள் கைப்பேசியில்தான் இருக்கிறது. ஆனால் சங்கேத எழுத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சந்தா முடிந்தால் அது திறக்காது. நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்கினால் காணாமல் போகும். மாதம் ஒரு சிறு தொகைக்குக் கோடிக்கணக்கான பாட்டுகள் கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் சாவி நம்மிடம் இல்லை. எனவே ஒன்றை வாங்கும்போது ‘இது எனக்குச் சொந்தமா, வாடகையா?’ என்று கேட்டுப் பழகுங்கள். பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். உழைத்த கலைஞருக்கு அது உரியது. பாட்டி, தாத்தாவின் குரல்களையும் ஊர்க் கூத்தையும் பூட்டில்லாத கோப்பாகப் பதிவு செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். அதை ஒலிக்கவிட்டு, காற்று வழியே இரண்டாவது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதை ஒலிக்கவிட்டு மறுபடி முதலாவதில் பதிவு செய்யுங்கள். இப்படி ஐந்து முறை செய்தால் கடைசிப் பதிவில் இரைச்சல் எவ்வளவு? அடுத்து, முதல் பதிவின் கோப்பை மட்டும் புளூடூத் வழியே ஐந்து முறை மாற்றி மாற்றி அனுப்புங்கள். இரண்டு வகையிலும் கிடைத்த ஐந்தாவது நகலை அடுத்தடுத்துக் கேளுங்கள். வேறுபாட்டை நோட்டில் எழுதி, வகுப்பில் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.